முதல் நாளின் சில வினாடிகள்: டூர் டி பிரான்ஸ் எப்படித் தொடங்குகிறது?

ஜூலை மாதம் பிறந்தால் போதும், சைக்கிள் பந்தயம் பார்க்கிறவன் என்று தெரிந்த நண்பர்களிடமிருந்து ஒரே மாதிரியான கேள்விகள் வர ஆரம்பிக்கும். "பிரான்ஸைச் சுற்றும் பந்தயம் என்கிறார்கள், டென்மார்க்கில் ஓட்டுகிறார்களே?" "பந்தயம் தொடங்கியாச்சு என்று டிவியில் சொல்கிறார்கள், ஆனால் எல்லாரும் ஒரு சிவப்புக் காருக்குப் பின்னால் கதை பேசிக்கொண்டு மெதுவாகப் போகிறார்களே?" "முதல் நாள் ஜெயித்தவர்தான் முன்னணி என்றால், மற்ற எல்லாரும் இனி அவரைத்தானே துரத்துவார்கள்?"

மூன்றும் நியாயமான கேள்விகள். குழப்பத்துக்குக் காரணம் கேட்பவர்கள் அல்ல. "தொடக்கம்" என்ற ஒரே சொல்லைப் பல விஷயங்களுக்குப் பயன்படுத்துகிறோம். ஊரில் நடக்கும் விழாவும் தொடக்கம்தான், கொடி அசைவதும் தொடக்கம்தான், கடிகாரம் ஓட ஆரம்பிப்பதும் தொடக்கம்தான். செய்திகளில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு எழுதிவிடுகிறார்கள். அதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் இந்தப் பந்தயமே வேறு மாதிரி தெரியும். சைக்கிள் பந்தயத்தை ஒருமுறைகூடப் பார்க்காதவரை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில், இது என்ன மாதிரிப் பந்தயம்?

நூறு மீட்டர் ஓட்டத்தில் கோட்டை முதலில் தொட்டவர் வெற்றியாளர். அதோடு கதை முடிந்தது. டூர் டி பிரான்ஸ் அப்படியில்லை, பொதுத்தேர்வு மாதிரி. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவர் பள்ளியில் முதல் மாணவராக வந்துவிட வேண்டும் என்பதில்லை. எல்லாப் பாடத்தையும் கூட்டிப் பார்த்து மொத்தத்தில் யார் மேலே என்பதுதான் கணக்கு.

இங்கே பாடத்துக்குப் பதில் நாள், மார்க்குக்குப் பதில் நேரம். ஒரு நாள் ஓட்டத்துக்குக் கட்டம் என்று பெயர். டூரில் 21 கட்டங்கள் இருக்கும், நடுவில் ஓய்வு நாட்களும் உண்டு. மொத்த தூரம் பெரும்பாலும் 3,300 முதல் 3,500 கி.மீ. வரை வரும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். அந்தக் கூட்டுத்தொகைப் பட்டியலுக்குப் பொது வரிசை என்று பெயர். மொத்த நேரம் யாருக்கு மிகக் குறைவோ அவர் முதலிடம். அவர் மஞ்சள் ஜெர்சி போட்டுக்கொண்டு மறுநாள் ஓட்டுவார். 1919இல் வந்த வழக்கம் இது. பந்தயத்தை நடத்திய ல ஓட்டோ என்ற பத்திரிகை அச்சானது மஞ்சள் தாளில்.

ஆக, ஒரு கட்டத்தை வெல்வதும் டூரை வெல்வதும் வேறு வேறு. 1990இல் அமெரிக்கரான கிரெக் லெமாண்ட் ஒரு கட்டத்தைக்கூட வெல்லாமல் டூரை வென்றார். இந்த ஒரு தகவல் மனத்தில் இருந்தால் மற்றதெல்லாம் எளிது.

இதுவரை பார்த்தது: தினமும் ஒரு கட்டம், எல்லா நேரத்தையும் கூட்டினால் பொது வரிசை, அதில் முதலில் இருப்பவருக்கு மஞ்சள். முதல் நாள் காலையில் எல்லாருடைய கணக்கும் பூஜ்யம்.

கூட்டமாக வந்தால் எல்லாருக்கும் ஒரே நேரம்

எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். முன்னால் ஒரு டிராக்டர் போனால் அதன் பின்னால் ஒண்டிக்கொள்ளத் தோன்றும். (ஆபத்து, செய்யாதீர்கள்.) டிராக்டர் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது, அதன் முதுகுப் பக்கம் காற்றில்லாத ஓர் இடம் உருவாகிறது. நான் அதைக் காற்று நிழல் என்று சொல்வேன். வெயிலுக்கு மரநிழல் எப்படியோ காற்றுக்கு அது.

பந்தயத்தில் மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் போகும்போது வீரரின் பலத்தில் பெரும்பகுதியைத் தின்பது காற்றுதான். முன்னால் போகிறவரின் காற்று நிழலில் ஒட்டிக்கொண்டால் உழைப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சம். நூறு பேருக்கு நடுவில் பதுங்கினால் இன்னும் மிச்சம். அதனால்தான் எல்லாரும் ஒரே கும்பலாகப் போகிறார்கள். அந்தப் பெருங்கூட்டத்துக்குப் பெலோட்டான் என்று பெயர்.

சமதளக் கட்டங்களில் இந்தப் பெலோட்டான் அப்படியே மொத்தமாக முடிவுக்கோட்டுக்கு வந்து சேரும். 170 பேரையும் தனித்தனியே நேரம் பார்த்தால் ஆளாளுக்கு அரை வினாடிக்காக முட்டி மோதிக்கொள்வார்கள். அதனால் விதி இப்படி: இடைவெளி விழாமல் ஒன்றாக வரும் கூட்டம் முழுவதற்கும் ஒரே நேரம்தான். அறுபது பேர் ஏறிய பேருந்து நிலையத்துக்குள் நுழைந்தால் முன்சீட்டில் இருப்பவரும் பின்சீட்டில் இருப்பவரும் வந்து சேர்ந்த நேரம் ஒன்றுதானே, அது மாதிரி. இன்னொரு விதியும் உண்டு. சமதளக் கட்டத்தின் கடைசி 3 கி.மீ.க்குள் விழுந்துவிட்டாலோ டயர் பஞ்சர் ஆனாலோ, எந்தக் கூட்டத்தோடு வந்துகொண்டிருந்தாரோ அந்தக் கூட்டத்தின் நேரமே அவருக்கும். சில கட்டங்களில் அந்தத் தூரத்தை 5 கி.மீ. வரைகூட நீட்டுகிறார்கள்.

ஆக, சாதாரணமான ஒரு சமதள நாளில் முன்னணி வீரர்களுக்குள் ஒரு வினாடிகூட வித்தியாசம் வராமல் போகலாம். முதல் நாளைப் புரிந்துகொள்ள இது முக்கியம். எல்லாரும் பூஜ்யத்தில் நிற்கிறார்கள், அந்தச் சமநிலையை எது உடைக்கப்போகிறது?

ஊர் தொடங்கிவைக்கும் தொடக்கம்

முதல் டூர் 1903 ஜூலை 1 அன்று பாரிஸுக்கு அருகே மோன்ஜெரோன் என்ற இடத்தில், ஒரு சாலையோர உணவு விடுதி வாசலில் தொடங்கியது. 60 பேர் கிளம்பினார்கள். முதல் கட்டமே லியோன் வரை 467 கி.மீ. அந்தக் கட்டத்தை வென்ற மொரீஸ் காரன்தான் கடைசியில் டூரையும் வென்றார். இரண்டாம் இடத்துக்கு வந்தவரைவிடக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் முன்னால். மூன்று மணி நேரம்! இந்த எண்ணைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே இதற்கு வேலை இருக்கிறது.

வெகுகாலம் பாரிஸ்தான் தொடக்க இடம். பிறகு மற்ற ஊர்களுக்கும் போனது. 1954இல் முதன்முறையாக நாட்டை விட்டு வெளியே, ஆம்ஸ்டர்டாமில் தொடங்கியது. அதற்கப்புறம் பிரஸ்ஸல்ஸ், 1987இல் மேற்கு பெர்லின், 1998இல் டப்ளின், 2007இல் லண்டன், 2022இல் கோபன்ஹேகன் என்று நீள்கிறது. 2023இல் ஸ்பெயினின் பில்பாவ், 2024இல் இத்தாலியின் ஃபுளோரன்ஸ். பிரெஞ்சில் இந்தத் தொடக்கத்துக்கு கிரான் தெபார் என்று பெயர், பெரும் புறப்பாடு என்று பொருள்.

ஏன் வெளியூர், வெளிநாடு? நேர் பதில், பணம். தொடக்கத்தைத் தங்கள் ஊரில் நடத்த நகரங்கள் போட்டி போட்டுக்கொண்டு அமைப்பாளர்களுக்குக் கட்டணம் கட்டுகின்றன. பதிலுக்கு ஹோட்டல்கள் நிறைகின்றன, ஹெலிகாப்டர் கேமரா ஊரின் கோபுரங்களையும் ஆற்றையும் உலகம் முழுக்கக் காட்டுகிறது. ஆனால் பணம் மட்டும்தான் காரணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2014இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் மேட்டுச் சாலைகளின் இரு பக்கமும் நின்ற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். டிக்கெட் இல்லாமல், வீட்டு வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு உலகின் சிறந்த வீரர்களை ஒரு கை தூரத்தில் பார்க்கலாம். பெரிய விளையாட்டுகளில் அந்த வசதி அபூர்வம்.

வெளிநாட்டில் இரண்டு, மூன்று கட்டங்கள் ஓடிவிட்டுப் பந்தயம் பிரான்ஸுக்குள் வந்துவிடும். டென்மார்க்கில் மூன்று நாள் ஓடிய பிறகு எல்லாரையும் விமானத்தில் கொண்டுவரவேண்டியிருந்ததால் 2022இல் வழக்கத்தைவிட ஒருநாள் முன்னதாக, வெள்ளிக்கிழமையே தொடங்கினார்கள்.

கொடி அசையும் வரை பந்தயம் இல்லை

தேர்த்திருவிழாவில் கொடியேற்றிய அன்றே திருவிழா தொடங்கிவிடும். ஆனால் தேர் நிலையை விட்டு நகர்வது இன்னொரு நாள். டூரின் காலையும் அப்படித்தான். ஊர் நடுவில் மேடை, இசை, கைத்தட்டல் எல்லாம் முடிந்து வீரர்கள் புறப்படுவார்கள். அது சடங்குப் புறப்பாடு. நேரக்கணக்கு கிடையாது. பந்தய இயக்குநரின் சிவப்புக் கார் முன்னால் போகும், கூட்டம் அதை முந்தாமல் பின்னால் போகும். இதைத்தான் என் நண்பர்கள் பார்த்துவிட்டு "என்ன இது, மெதுவாகப் போகிறார்கள்?" என்கிறார்கள்.

இந்த மெதுவான ஊர்வலத்துக்குக் காரணங்கள் உண்டு. நகரத்தின் குறுகிய தெருக்களிலும் டிராம் தண்டவாளங்களிலும் 180 பேரைப் பந்தய வேகத்தில் விட்டால் விழுந்து எலும்பு முறிப்பார்கள். பார்க்க வந்த மக்களுக்கும் வீரர்களை நிதானமாகப் பார்க்க ஒரு வாய்ப்பு. யாருக்காவது பிரேக் உரசினால் அதற்குள் சரிசெய்துகொள்ளலாம்.

ஊரைத் தாண்டியதும் பூஜ்ய கிலோமீட்டர் என்று ஒரு பலகை வரும். இயக்குநர் காரின் மேற்கூரைத் திறப்பில் எழுந்து நின்று கொடியை அசைப்பார். இத்தனை ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்து நம் கண்ணுக்குப் பழகியவர் கிறிஸ்டியான் புருதோம். கொடி அசைந்த நொடியில் கார் வேகமெடுத்து விலகும், கூட்டம் சீறிப் பாயும். கடிகாரமும் அப்போதுதான் ஓட ஆரம்பிக்கும். 2014இல் லீட்ஸ் நகர் மண்டபத்திலிருந்து புறப்பட்டவர்கள் ஹேர்வுட் மாளிகை வரை ஊர்வலமாகப் போனார்கள். அங்கே இளவரசர் வில்லியமின் மனைவி கேட் ரிப்பன் வெட்டிய பிறகுதான் உண்மையான ஓட்டம்.

சுருக்கமாக: ஊர்த் தொடக்கம் விழா, சடங்குப் புறப்பாடு ஊர்வலம், கொடிதான் பந்தயம்.

தனியாக ஓடும் முதல் நாள்: புரோலாக்

மேலே சொன்னதெல்லாம் கூட்டமாக ஓடும் நாளுக்கு. ஆனால் டூர் எப்போதும் கூட்டமாகவே தொடங்குவதில்லை. பல ஆண்டுகள் ஒரு குட்டித் தனி ஓட்டத்தோடு தொடங்கியது. எனக்கு மிகவும் பிடித்த வடிவம் அதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒருவர் பின் ஒருவராக, குறிப்பிட்ட இடைவெளி விட்டு ஒரு சரிவு மேடையிலிருந்து புறப்படுவார்கள். யாருக்கும் யாருடைய காற்று நிழலும் கிடையாது. தனியாளாக முழுப் பலத்தோடு மிதித்து முடிக்கவேண்டும், நேரம்தான் எதிரி. இதற்கு டைம் டிரையல் என்று பெயர். டூரின் தொடக்கத்தில், பொதுவாக 8 கி.மீ.க்குள், ஒன்றாம் கட்டத்துக்கும் முன்னால் ஓடப்படும் டைம் டிரையல்தான் புரோலாக்.

1967இல் ஆஞ்ஜே நகரில் முதல் புரோலாக் நடந்தது. நீளம் 5.775 கி.மீ. ஸ்பெயின்காரர் ஹொசே மரியா எர்ரந்தோனியா வென்றார். பிரான்ஸ் மக்களின் செல்லப்பிள்ளையான ரேமண்ட் பூலிதோர் 6 வினாடி பின்னால். அதிலிருந்து அந்த வழக்கம் நிலைத்தது. முதல் நாளே யாருக்காவது மஞ்சள் ஜெர்சி கிடைத்துவிடும், எல்லா வீரர்களையும் ஒவ்வொருவராக மக்கள் பார்த்துவிடலாம், ஊருக்குள்ளேயே முடிந்துவிடும். நடத்துபவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்.

புரோலாக்கைப் பற்றிப் பரவலான தவறான எண்ணம் ஒன்று உண்டு. பெயரே முன்னுரை என்பது மாதிரி இருப்பதால், காட்சிக்கு ஓடுவது, கணக்கில் வராது என்று நினைக்கிறார்கள். முழுக்கக் கணக்கில் வரும். அங்கே இழந்த ஒவ்வொரு வினாடியும், டூர் வழக்கமாக முடியும் பாரிஸ் வரை கூடவே வரும்.

இதற்கு 1989ஐவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. லக்ஸம்பர்க்கில் தொடக்கம். முந்தைய ஆண்டு டூரை வென்ற ஸ்பெயின் வீரர் பெத்ரோ தெல்காதோ கடைசியாகப் புறப்படவேண்டியவர். அவருடைய நேரம் வந்தது, மேடையில் ஆள் இல்லை. உடம்பைச் சூடேற்றிக்கொள்ளப் போனவர் நேரத்தைக் கோட்டைவிட்டுவிட்டார். அவர் ஓடிவந்து ஏறும்போது 2 நிமிடம் 40 வினாடி போய்விட்டது. டைம் டிரையலில் கடிகாரம் வீரருக்காகக் காத்திருக்காது. குறித்த நேரத்தில் அது ஓட ஆரம்பித்துவிடும், வீரர் மேடையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அன்று வென்ற நெதர்லாந்தின் எரிக் ப்ரொய்கிங்கைவிட தெல்காதோ 2 நிமிடம் 54 வினாடி பின்னால், கடைசி இடம். கழித்துப் பாருங்கள். அவர் சாலையில் இழந்தது வெறும் 14 வினாடி. மிச்சமெல்லாம் மேடைக்கு வராமல் இழந்தது. அடுத்த நாள் நடந்த, அணி அணியாகச் சேர்ந்து ஓடும் டைம் டிரையலிலும் நொந்துபோய் மேலும் நேரத்தை இழந்தார். அப்புறம் மூன்று வாரம் மலை மலையாகத் துரத்தி, கடைசியில் லெமாண்டைவிட 3 நிமிடம் 34 வினாடி பின்னால் மூன்றாம் இடத்துக்கு வந்தார்.

அதே டூரில்தான் முதல் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் 8 வினாடி. 3,200 கி.மீ.க்கு மேல் ஓடிய பிறகு லெமாண்ட் பிரான்ஸின் லோரான் ஃபின்யோனை 8 வினாடியில் வென்றார். 1903இல் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், 1989இல் 8 வினாடி. பந்தயம் மாறியதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். வீரர்கள் எல்லாரும் ஒரே மாதிரிப் பயிற்சி, ஒரே மாதிரிச் சைக்கிள் என்று நெருங்கி வர வர, முதல் நாளின் சில்லறை வினாடிகளுக்கும் விலை ஏறியது.

புரோலாக்குக்கென்றே பிறந்தவர்களும் இருந்தார்கள். 1994இல் லீல் நகரில் 7.2 கி.மீ. தூரத்தை இங்கிலாந்தின் கிறிஸ் போர்ட்மன் மணிக்கு 55.152 கி.மீ. சராசரி வேகத்தில் முடித்தார். அது அவருடைய முதல் டூரின் முதல் நாள். அடுத்த ஆண்டு சேன் பிரியூவில் கொட்டும் மழையில் புரோலாக். போர்ட்மன் ஒரு வளைவில் வழுக்கி விழுந்தார், கணுக்கால் முறிந்தது, அவருடைய டூர் சில நிமிடங்களில் முடிந்துபோனது. ஒரே மனிதர், ஒரே வகைப் பந்தயம், அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள்.

2012இல் லீயேஜில் நடந்ததுதான் இதுவரை டூரில் கடைசிப் புரோலாக். 6.4 கி.மீ.; சுவிட்சர்லாந்தின் ஃபாபியன் கான்செல்லாரா வென்றார். அதன் பின்னும் சில ஆண்டுகள் டைம் டிரையலோடுதான் தொடங்கின. 2015இல் உட்ரெக்ட், 2017இல் டூசல்டார்ஃப், 2022இல் கோபன்ஹேகன். ஆனால் அவை 13, 14 கி.மீ. நீளமுள்ளவை. அதனால் அவை புரோலாக் அல்ல, முறைப்படி ஒன்றாம் கட்டம். வேறுபாடு பெயரிலும் நீளத்திலும் மட்டும்தான், ஓடும் முறை ஒன்றே.

வானிலை இங்கே பெரிய நீதிபதி. ஒவ்வொருவரும் வேறு வேறு நேரத்தில் ஓடுவதால் ஒருவருக்கு மழை, இன்னொருவருக்குக் காய்ந்த சாலை என்று அமையும். கோபன்ஹேகனில் நட்சத்திர வீரர்கள் பலர் மழைக்கு முன் முடித்துவிடலாம் என்று முன்கூட்டிய நேரத்தைக் கேட்டு வாங்கினார்கள். அவர்கள் ஓடும்போதுதான் மழை பிடித்தது. பின்னால் வந்த பெல்ஜியத்தின் ஈவ் லம்பார்டுக்கு மழை குறைந்திருந்தது. யாரும் எதிர்பார்க்காத அந்த விவசாயி மகன் எல்லாரையும் முந்தி மஞ்சள் ஜெர்சியோடு கண்கலங்கி நின்றார்.

இந்தப் பகுதியிலிருந்து ஞாபகம் வைக்கவேண்டியது: தனியாக ஓடினால் எல்லாருக்கும் வேறு வேறு நேரம். அதனால் முதல் நாள் மாலையே முழுப் பட்டியல் பிரிந்துவிடும், வினாடிக் கணக்கில்.

கூட்டமாக ஓடும் முதல் நாள் ஏன் இவ்வளவு பயங்கரம்?

இப்போது பெரும்பாலும் டூர் சாலைக் கட்டத்தோடுதான் தொடங்குகிறது. எல்லாரும் ஒன்றாகக் கிளம்பி ஒன்றாக ஓடுவது. பார்ப்பதற்கு எளிதான நாள் மாதிரி இருக்கும். வீரர்களுக்கு இதைவிட நெஞ்சு படபடக்கும் நாள் குறைவு.

யோசித்துப் பாருங்கள். யாரும் இன்னும் களைக்கவில்லை. யாருக்கும் இன்னும் நேர இழப்பு இல்லை, அதனால் யாரும் யாருக்கும் வழிவிடத் தயாரில்லை. கடைசியில் வேகமாகப் பாயும் ஸ்பிரின்டர்களுக்கு மஞ்சள் ஜெர்சி கிடைக்க இதுதான் வாழ்நாள் வாய்ப்பு, ஏனென்றால் மலை வந்துவிட்டால் அவர்கள் பின்தங்கிவிடுவார்கள். டூரையே வெல்ல நினைப்பவர்களோ விழாமல் தப்பிக்க முன்வரிசைக்கு வர முயல்கிறார்கள். ஆக எல்லாருக்கும் ஒரே நேரத்தில் முன்வரிசையில் இடம் வேண்டும். சாலையின் அகலம் மட்டும் கூடாது.

2021இல் பிரெஸ்டிலிருந்து லாந்தர்னோ வரை ஓடிய முதல் நாளில், பார்வையாளர் ஒருவர் தாத்தா பாட்டிக்கு வாழ்த்து எழுதிய அட்டையைத் தொலைக்காட்சி கேமராவைப் பார்த்து நீட்டினார். பின்னாலிருந்து வந்த பெலோட்டானை அவர் பார்க்கவில்லை. ஜெர்மனியின் டோனி மார்ட்டின் அட்டையில் மோதி விழ, அவர்மேல் அடுத்தவர், அவர்மேல் அடுத்தவர் என்று கூட்டத்தில் பாதி சாலையில் குவிந்தது. அதே நாள் மாலை, முடிவை நெருங்கும்போது இன்னொரு பெரிய விபத்து. 2014இல் முதல் கட்டம் முடிந்த ஹாரோகேட், ஸ்பிரின்டர் மார்க் கேவண்டிஷின் அம்மாவுடைய ஊர். அங்கே ஜெயித்து மஞ்சள் போடவேண்டும் என்பது அவருடைய ஆசை. கடைசி சில நூறு மீட்டரில் விழுந்து தோள்பட்டை நகர்ந்தது. 3 கி.மீ. விதி அவருடைய நேரத்தைக் காப்பாற்றியது. தோளைக் காப்பாற்ற எந்த விதியும் இல்லை. மறுநாள் அவர் புறப்படவில்லை.

விபத்தைத் தவிர இன்னொன்றும் கூட்டத்தை உடைக்கும், பக்கவாட்டுக் காற்று. காற்று நிழலுக்குத் திரும்ப வருவோம். உச்சிவெயிலில் மரத்தின் நிழல் அதன் காலடியிலேயே விழும். சாய்ந்த வெயிலில் நிழலும் பக்கவாட்டில் நீளும், நாமும் நகர்ந்து நிற்கவேண்டும். காற்றும் அப்படித்தான். எதிரே வீசினால் நேர் பின்னால் நிழல். இடது பக்கத்திலிருந்து வீசினால் நிழல் வலது பின்புறம் விழும். அதனால் வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக இல்லாமல் சாலையின் குறுக்கே சாய்வாக, விசிறியை விரித்தது போல வரிசை கட்டுவார்கள். இந்தச் சாய்வு வரிசைக்கு எஷலான் என்று பெயர்.

சிக்கல் எங்கே என்றால், சாலை பத்துப் பதினைந்து பேரின் அகலத்தோடு முடிந்துவிடும். அதற்கு அடுத்தவருக்கு விழவேண்டிய காற்று நிழல் வாய்க்காலில் விழும். அவர் சாலை ஓரத்தில் காற்றை முழுசாக வாங்கிக்கொண்டு தொற்றவேண்டும். கொஞ்ச நேரம் தாங்குவார், அப்புறம் ஒரு மீட்டர் இடைவெளி விழும். அந்த ஒரு மீட்டர் பத்து மீட்டர் ஆகும், பிறகு எட்டாது. பேருந்து இரண்டாக உடைந்தது போல, இனி முன்கூட்டத்துக்கு ஒரு நேரம், பின்கூட்டத்துக்கு ஒரு நேரம்.

2025 ஜூலை 5 அன்று லீலில் நடந்தது இதுதான். சமதளம், 184.9 கி.மீ., ஸ்பிரின்டர்களின் நாள் என்றுதான் எல்லாரும் எழுதியிருந்தார்கள். கடைசி 20 கி.மீ.க்குள் காற்று பக்கத்திலிருந்து வீசிய ஒரு பகுதியில் சில அணிகள் முன்னால் வந்து முழு வேகத்தில் இழுத்தன. கூட்டம் கிழிந்தது. டூரையே வெல்ல நினைத்தவர்களில் தடேய் பொகாச்சரும் யோனாஸ் விங்கெகார்டும் முன்பாதியில். ரெம்கோ எவனெபூலும் பிரிமோஷ் ரோக்லிச்சும் பின்பாதியில். பெல்ஜியத்தின் யாஸ்பர் ஃபிலிப்சன் கட்டத்தை வென்று மஞ்சள் எடுத்தார். பின்தங்கியவர்களுக்கு இழப்பு 39 வினாடி. ஒரு மலையைக்கூடப் பார்க்கும் முன், பலம் குறைவு என்பதற்காக அல்லாமல், தவறான இடத்தில் நின்றதற்காக. முதல் நாளில் டூரை வெல்ல முடியாது, ஆனால் தோற்க முடியும் என்று சொல்வதற்கு அர்த்தம் இதுதான்.

எல்லாருக்கும் ஒரே நேரம் என்றால் மஞ்சள் யாருக்கு?

பலரும் தடுமாறும் இடம் இது. விபத்தும் இல்லை, காற்றும் இல்லை, கூட்டம் மொத்தமாக வந்து சேர்ந்தது, எல்லாருக்கும் ஒரே நேரம். அப்புறம் எப்படி ஒருவருக்கு மட்டும் மஞ்சள்?

போனஸ் வினாடிகள்தான் விடை. சாலைக் கட்டத்தில் முதலில் வருபவரின் நேரத்தில் 10 வினாடி கழிக்கிறார்கள், இரண்டாமவருக்கு 6, மூன்றாமவருக்கு 4. டைம் டிரையலில் இந்தக் கழிவு இல்லை. எனவே முதல் நாள் ஸ்பிரின்டை வென்றவர் பொது வரிசையில் மற்ற கூட்டத்தைவிட 10 வினாடி முன்னால் நிற்பார்.

அதற்கு மேலும் சமநிலை வந்தால்? முதலில் டைம் டிரையலில் ஓடிய நேரத்தின் வினாடிப் பின்னத்தைப் பார்ப்பார்கள். டைம் டிரையல் இன்னும் நடக்கவில்லை என்றால், ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனையாவது இடம் என்ற எண்களைக் கூட்டி, குறைந்த எண் வைத்திருப்பவரை முன்னால் வைப்பார்கள். 2024இல் இரண்டாம் கட்டம் முடிந்தபோது பொகாச்சர், எவனெபூல், விங்கெகார்ட், ஈக்வடாரின் ரிச்சர்ட் கரபாஸ் நான்கு பேருக்கும் மொத்த நேரம் ஒன்றே. இட எண்ணால் மஞ்சள் பொகாச்சருக்குப் போனது. மறுநாள் டூரினில் மூவரையும் விட முன்வரிசையில் முடித்த கரபாஸ் அதே கணக்கால் ஜெர்சியைத் தன் பக்கம் திருப்பினார். ஒரு வினாடிகூட முந்தாமல், மஞ்சள் அணிந்த முதல் ஈக்வடார்காரர் ஆனார்.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறேன். போன ஆண்டு ஜெயித்தவர் முதல் நாள் மஞ்சள் போட்டுக்கொண்டு வருவாரா என்று கேட்கிறார்கள். இப்போது அப்படி இல்லை. முதல் கட்டத்தில் யார் உடம்பிலும் மஞ்சள் இருக்காது.

பலசாலிகள் ஏன் முதல் நாள் மஞ்சளை விரும்புவதில்லை?

முதல் நாளே மஞ்சளை எடுத்து டூரையும் வென்றவர்கள் இருக்கிறார்கள். 1992இல் சான் செபாஸ்தியானில் புரோலாக்கை வென்ற மிகெல் இந்துரைன் பாரிஸிலும் மஞ்சளில்தான் நின்றார். 1935இல் ரோமான் மாஸ் முதல் நாள் போட்ட ஜெர்சியைக் கடைசி வரை கழற்றவே இல்லை. ஆனால் இன்றைய பெரிய வீரர்கள் முதல் வாரத்தில் மஞ்சளைத் துரத்துவதில்லை.

காரணம், அந்த ஜெர்சிக்கு வேலை அதிகம். மஞ்சள் வைத்திருக்கும் அணிதான் கூட்டத்தின் முன்னால் காற்றை வாங்கிக்கொண்டு, தப்பி ஓடுபவர்களைத் துரத்தவேண்டும் என்பது எழுதப்படாத வழக்கம். மாலையில் மேடை, பரிசளிப்பு, ஊக்கமருந்துச் சோதனை, பத்திரிகையாளர் சந்திப்பு. மற்றவர்கள் சாப்பிட்டுப் படுத்திருக்கும் நேரத்தில் மஞ்சள்காரர் இன்னும் பஸ்ஸுக்கே போயிருக்கமாட்டார். மூன்று வாரப் பந்தயத்தில் தூக்கம் என்பது எரிபொருள். அதனால் அவர்கள் ஜெர்சியை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்து, வினாடிகளை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள்.

டூரை வெல்லவே முடியாத ஒருவருக்கு மஞ்சள் போடக் கிடைக்கும் கதவு அங்கேதான் திறக்கிறது. கான்செல்லாரா கனத்த உடம்புக்காரர், மலையில் அவருக்கு வேலையில்லை. ஆனாலும் பெரும்பாலும் முதல் நாட்களின் பலத்தில் 29 நாள் மஞ்சள் அணிந்தார். டூரை வெல்லாதவர்களில் அதுவே அதிகம்.

2024இல் ஃபுளோரன்ஸிலிருந்து ரிமினி வரை 206 கி.மீ. முதல் கட்டம், ஏழு மேடுகள், கொளுத்தும் வெயில். பிரான்ஸின் ரொமான் பார்தேக்கு வயது 33, பதினோராவது டூர். அதுவே தன் கடைசி டூர் என்று முன்பே சொல்லியிருந்தார். 2016இல் இரண்டாம் இடம் வரை வந்தவர், ஆனால் மஞ்சளை ஒருநாள்கூடப் போட்டதில்லை. ஏறக்குறைய 50 கி.மீ. மீதமிருக்கும்போது அவர் கூட்டத்தை விட்டு மேட்டில் பாய்ந்தார். காலையிலிருந்தே முன்னால் ஓடிக்கொண்டிருந்த அவருடைய அணித்தோழர் ஃபிராங்க் வான் டென் புரூக் காத்திருந்து அவரைச் சேர்த்துக்கொண்டார். அந்த இளைஞருக்கு அது முதல் டூர், முதல் நாள். கடலோரச் சாலையில் பின்னால் முழுப் பெலோட்டானும் துரத்த, இரண்டு பேரும் மாறி மாறிக் காற்றை வாங்கினார்கள். கடைசி நேர்சாலையில் திரும்பிப் பார்த்தால் கூட்டம் முதுகுக்குப் பின்னாலேயே தெரிந்தது. ஐந்தே வினாடி வித்தியாசத்தில் இருவரும் சேர்ந்து கோட்டைத் தாண்டினார்கள். தாண்டும் முன்பே பார்தே தோழரைக் கைகாட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அவர் மஞ்சள் ஜெர்சியில் புறப்பட்டார். மாலையில் பொலோன்யாவின் செங்குத்து மேட்டில் பொகாச்சரும் விங்கெகார்டும் பாய்ந்தபோது அது கைமாறியது.